தைக் குளிருக்கு மேல்மலை: மதுரையிலிருந்து இரண்டு இரவு, மூன்று நாள்

மதுரையில் குளிர்காலம் என்றால் ஃபேனை ஐந்திலிருந்து இரண்டுக்குக் குறைப்பது, விடிகாலையில் கோலம் போடும்போது தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வது. அத்தோடு முடிந்தது. நிஜமான குளிர் வேண்டுமென்றால் மலையேற வேண்டும். சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி, கொடைக்கானலில் அது காத்திருக்கிறது.

எவ்வளவு குளிரும் என்பதை வீட்டில் உட்கார்ந்தே கணக்குப் போட்டுவிடலாம். மதுரை கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 100 மீட்டர். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். ஆக, 13 டிகிரி வித்தியாசம். மதுரையில் பகல் 30 என்றால் மேலே 17, இரவு 21 என்றால் மேலே 8. இது சாதாரண நாளின் கணக்கு. வானம் கழுவித் துடைத்தாற்போல இருக்கும் தை இரவுகளில், பள்ளமான இடங்களில் இன்னும் இறங்கி, புல்லின்மேல் உப்பைத் தூவியதுபோல உறைபனி படியும்.

இந்தப் பயணத்தில் பலரும் கோட்டை விடுவது ஸ்வெட்டரில் அல்ல, நேரத்தில். காலை பத்து மணிக்கு மதுரையில் கிளம்பி, மதியம் மேலே போய்ச் சேரும்போது பள்ளத்தாக்கை மூடுபனி அடைத்திருக்கும். மறுநாள் எட்டு மணிக்கு எழுந்தால் உறைபனி உருகி வெறும் ஈரப்புல்தான் மிஞ்சியிருக்கும். பிறகு "கொடைக்கானலில் ஒன்றுமே இல்லை" என்று ஊரில் வந்து சொல்வார்கள். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்தக் கடிகாரத்தை ஒட்டித்தான்.

தேதி பிடிப்பது

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும். சில வருடம் ஜனவரி பாதிவரை இழுக்கும். மார்கழியின் முற்பகுதியில் மேலே போனால் கிடைப்பது பெரும்பாலும் மழைக்குளிர்: நசநசவென்று ஈரம், மேகம், அட்டைப்பூச்சி, மலைப்பாதையில் மண்சரிவு. உறைபனி வேண்டுமென்றால் மேகம் ஒழிய வேண்டும். ஜனவரி மத்தியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரைதான் சரியான காலம். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று சும்மா சொல்லவில்லை.

அதற்குள்ளும் தள்ள வேண்டிய நாட்கள் உண்டு. பொங்கல் விடுமுறையில் வத்தலக்குண்டிலிருந்தே வண்டிகள் வரிசை கட்டும். குடியரசு தினம் வாரக் கடைசியோடு ஒட்டி வந்தால் அதே கதை. பொங்கல் கூட்டம் இறங்கிய பிறகு, ஒரு செவ்வாயில் ஏறி வியாழனில் இறங்குவதுபோல வைத்துக்கொள்ளுங்கள். அறை வாடகையும் படியும், ஏரிக்கரையும் காலியாக இருக்கும்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று இருந்தால் தேதியைத் தள்ளிவிடலாம். மேகம் ஒரு போர்வை. இரவில் தரையின் சூட்டை மேலே போகவிடாமல் அமுக்கிவைக்கும். மேகம் இருக்கிற இரவில் உறைபனி படியாது.

அறையும் இ-பாஸும்

முதல் இரவு கொடைக்கானலில், இரண்டாம் இரவு பூம்பாறை அல்லது மன்னவனூர் பக்கம். உள்ளூரில் இந்தப் பகுதிக்கு மேல்மலை என்று பெயர். பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் கீழ்மலை. அறை பேசும்போது இதைக் கேட்டுவிடுங்கள்: வெந்நீர் எந்நேரமும் வருமா, காலையில் குறிப்பிட்ட நேரம் மட்டுமா, இல்லை வாளிக்கணக்கா? கரண்டு போனால் ஜெனரேட்டர் உண்டா? ஆளுக்கு எத்தனை கம்பளி? ஜன்னல் எந்தத் திசை பார்த்தது? கிழக்கு பார்த்த அறை காலை ஏழரைக்கெல்லாம் சூடேறிவிடும். ஓடைக்கரையில், பள்ளத்தில் இருக்கும் காட்டேஜ் போட்டோவில் அழகாக இருக்கும். ஆனால் குளிர்காற்று கனமானது, தண்ணீரைப்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில்தான் தேங்கும். கைக்குழந்தை, வயதானவர்கள் கூட வந்தால் சரிவின் நடுப்பகுதியில் உள்ள வீட்டைப் பிடியுங்கள்.

அனுமதியில்லாத டென்ட் பக்கம் போகவே வேண்டாம். ஆதாயம் ஒரு போட்டோ மட்டும். இரவெல்லாம் துணியில் பனித்தண்ணீர் சொட்டும், வெளியே காட்டுமாடு நடக்கும்.

சொந்த வண்டியோ வாடகை வண்டியோ, இருசக்கர வாகனமோ, எதுவானாலும் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இது நடைமுறைக்கு வந்தது. ஆன்லைனில் இலவசமாகவே கிடைக்கும், காசு கேட்கும் இடைத்தரகரை நம்பாதீர்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இது தேவையில்லை. வண்டி எண்ணைச் சரியாக அடித்திருக்கிறீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி நிமிடத்தில் வண்டி மாறி, பழைய எண்ணோடு சோதனைச் சாவடியில் நிற்பது அடிக்கடி நடக்கிறது.

பிளாஸ்டிக் பாட்டில் விஷயத்திலும் கண்டிப்பு உண்டு. ஐந்து லிட்டருக்குக் குறைவான பாட்டிலோடு பிடிபட்டால் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொண்டால் தொல்லை இல்லை. அதே பாட்டிலுக்கு இரவில் வேறொரு வேலையும் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறோம்.

உடுப்பு: மூன்று அடுக்கு

ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டரை நம்பிப் போகிறவர் ஏறும்போது வியர்த்து, நிற்கும்போது நடுங்குவார். குளிரைத் தடுப்பது துணியின் கனமல்ல, துணிகளுக்கு நடுவே சிறைப்பட்ட காற்று. அதனால் மூன்று மெல்லிய அடுக்கு, ஒரு தடித்ததை விட நல்லது.

உடம்போடு ஒட்டிய முதல் அடுக்கில் பருத்திப் பனியன் கூடாது. ஊர் வெயிலுக்குப் பருத்தி வரம், மலைக்குளிருக்கு அது எதிரி. வியர்வையைக் குடித்துவிட்டு ஈரத்தை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், நின்ற இரண்டு நிமிடத்தில் முதுகு சில்லிடும். விளையாட்டுக்காரர்கள் போடுகிற பாலியஸ்டர் டீ-ஷர்ட் போதும். நடு அடுக்குக்குக் கம்பளி ஸ்வெட்டர் அல்லது ஃபிளீஸ். மேலே காற்றும் தூறலும் புகாத விண்ட்சீட்டர். ஏற்றத்தில் நடக்கும்போது நடு அடுக்கைக் கழற்றிப் பையில் வையுங்கள், நின்றதும் போட்டுக்கொள்ளுங்கள். வியர்ப்பதற்கு முன்பே கழற்ற வேண்டும், வியர்த்த பிறகு கழற்றிப் பயனில்லை.

காதுக்கு மங்கிக் குல்லா. நம்மூரில் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். மன்னவனூரில் காலை ஆறு மணிக்குச் சிரிக்க ஆளிருக்காது. காலுறை ஆளுக்கு மூன்று ஜோடி: இரண்டு நடக்க, ஒன்று தூங்க. தூங்கும் ஜோடியை வேறு எதற்கும் தொடக்கூடாது, அது காய்ந்தே இருக்க வேண்டும். குழந்தைகளுக்குப் பெரியவர்களை விட ஓர் அடுக்கு கூடுதல். பிறகு அவர்கள் ஓடியாடிக் கழற்றி எறிந்தால் விட்டுவிடலாம்.

பையில் மறக்கும் சில்லறைகள்: தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், குறுகிய வாய்ப் பாட்டிலில் எடுத்துப்போனால் கத்தியால்தான் கிண்ட வேண்டும். வாயகன்ற டப்பாவில் எடுங்கள். உதட்டுக்கு வாசலின். குளிராக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், உயரத்தில் வெயிலின் புற ஊதாக் கதிர் கூடுதல், மூக்கும் கன்னமும் கறுத்துப்போகும். செல்போன் பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும். சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள்.

பிளாஸ்குக்கு என்ன

மதுரையில் பனிக்காலம் என்றதும் நாக்கு தேடுவது பருத்திப்பால். சாயங்காலத் தள்ளுவண்டியில், சுக்கு நெடியோடு, கருப்பட்டி நிறத்தில் ஒரு டம்ளர். அதைக் கிளம்புவதற்கு முந்தைய மாலையில் குடித்துவிடுங்கள், பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு போக வேண்டாம். அரிசிமாவு சேர்ந்திருப்பதால் உள்ளே இறுகிக் களியாகும், தேங்காய் சேர்ந்திருந்தால் மதியத்துக்குள் சளித்துவிடும்.

பயணத்துக்கு ஏற்றது சுக்குமல்லிக் காப்பி. கொத்தமல்லி விதை 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு ஒரு மேசைக்கரண்டி, ஏலக்காய் ஐந்து. மல்லியையும் மிளகையும் வாசம் வரும்வரை தனித்தனியாக வெறும் சட்டியில் வறுத்து ஆறவிடுங்கள். சுக்கை மேல்தோல் சுரண்டி இடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சற்றுக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். மாவாக அரைத்தால் வடிகட்டும்போது துணியை அடைத்துக்கொள்ளும். ஒரு ஆளுக்கு 250 மில்லி தண்ணீர், ஒன்றரை தேக்கரண்டி பொடி, நெல்லிக்காய் அளவு கருப்பட்டி, ஐந்து நிமிடக் கொதி. மேலே போய்க் காய்ச்சினால் இரண்டு நிமிடம் கூட விடுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, சாறு இறங்கத் தாமதமாகும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாததற்கும் அதுவே காரணம்.

பிளாஸ்கில் ஊற்றுமுன் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்துக் கொட்டிவிடுங்கள். குளிர்ந்த பிளாஸ்க் முதல் சூட்டைத் தானே குடித்துவிடும். விளிம்புவரை நிரப்புங்கள். பாதிப் பிளாஸ்க் பாதி நேரம்தான் சூடு தாங்கும்.

ஏற்றம்

காலை ஐந்து மணிக்கு மதுரையை விடுங்கள். திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் கொடைரோடு வரை, அங்கிருந்து நிலக்கோட்டை, வத்தலக்குண்டு. பேருந்து என்றால் ஆரப்பாளையத்தில் ஏறலாம், சுமார் நான்கு மணி நேரம்.

வத்தலக்குண்டில் பெட்ரோலை நிரப்பி, காற்று பார்த்து, ஆளுக்கு இரண்டு இட்லி, அதற்குமேல் வேண்டாம். நிறைந்த வயிறும் ஆகாது, காலி வயிறும் ஆகாது, வளைவில் இரண்டுமே புரட்டும். வாந்தி வருகிறவரை முன்சீட்டில் உட்காரவைத்து, செல்போனைப் பிடுங்கி, ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். எலுமிச்சம்பழத்தை முகர்வது மனசுக்கு ஆறுதல், நிஜ மருந்து முன்சீட்டுதான். மாத்திரை போடுவதாக இருந்தால் மருந்துக்கடையில் கேட்டு, மலையடிவாரத்துக்கு அரை மணி முன்பாவது போட வேண்டும், வளைவில் ஏறிய பிறகு போட்டு என்ன பயன்? ஓட்டுநர் தொடவே கூடாது, தூக்கம் வரும்.

மலையடிவாரத்திலுள்ள காட்ரோட்டைத் தாண்டியதும் மலைப்பாதை. ஏறுகிற வண்டிக்கே முதல் உரிமை. கண்ணுக்குத் தெரியாத வளைவில் ஒரு சின்ன ஹாரன். பேருந்து எதிரே வந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள், அதற்கு வளைவு முழுவதும் வேண்டும். மூடுபனிக்குள் நுழைந்தால் ஹைபீம் போடாதீர்கள், வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணையே கூசவைக்கும். லோபீம், மெதுவான வேகம், இடது ஓரக் கோட்டை ஒட்டி. ஓடும்போது நான்கு இண்டிகேட்டரையும் அடித்துக்கொண்டே போனால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. கண்ணாடி உள்பக்கம் மங்கினால் துணியால் துடைத்து மாளாது. ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வையுங்கள். உள்காற்றையே சுற்றவிட்டால் நான்கு பேர் மூச்சின் ஈரமும் உள்ளேயே சுற்றும்.

பைக்கில் ஏறுகிறவர்களுக்கு ஒரு பழைய வித்தை: ஜாக்கெட்டுக்குள் நெஞ்சுப் பக்கம் நான்கைந்து தாள் செய்தித்தாளை மடித்துச் செருகுங்கள். காற்று புகாது. விரல் மரத்து கிளட்ச் பிடிப்பது தெரியாமல் போனால் அது நிற்க வேண்டிய நேரம், இன்னும் பத்து கிலோமீட்டர்தானே என்று ஓட்டுவதற்கில்லை.

வழியில் டம்டம் பாறைக் காட்சிமுனையில் ஐந்து நிமிடம் நிறுத்தலாம். எதிர்மலையில் எலிவால்போல ஒரு வெள்ளைக் கோடு தெரியும், தலையாறு அருவி. காதை அடைத்தால் எச்சிலை விழுங்குங்கள், கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள். பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி தாண்டி எட்டரை, ஒன்பதுக்குள் ஊருக்குள் இருப்பீர்கள். அறை இன்னும் தயாராகியிருக்காது, பையை வைத்துவிட்டு நேராக கோக்கர்ஸ் வாக். பெரியகுளம் பக்கத்துச் சமவெளி விரித்த பாய்போலத் தெரிவது இந்த நேரத்தில்தான். வெயில் ஏற ஏற, சரிவில் சூடான காற்று ஈரத்தோடு மேலேறி வந்து, குளிர்ந்து மேகமாகிவிடும். மதியம் இரண்டு மணிக்கு அதே இடத்தில் நின்றால் பக்கத்தில் நிற்பவர் முகம்கூடத் தெரியாது. எல்லாக் காட்சிமுனைக்கும் இதே விதி.

முதல் இரவு

ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் நடை, மாலை நான்கு மணிக்குள் முடித்துவிடுங்கள். இந்த ஏரி இயற்கையானதல்ல, மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் ஓடையை மறித்துக் கட்டியது. பள்ளமும் தண்ணீரும் சேர்ந்த இடம் என்பதால் வெயில் மறைந்ததும் ஊரிலேயே முதலில் குளிர்வது இங்கேதான்.

ஆறரைக்குள் குளியல், ஏழரைக்குள் சூடாகச் சாப்பாடு, ஒன்பதுக்குத் தூக்கம். மலை அறைகளில் மெத்தை ஈரம் கோத்ததுபோலச் சில்லென்றிருக்கும். எல்லாக் கம்பளியையும் மேலே போர்த்திக்கொண்டு, கீழிருந்து குளிர் ஏறுகிறதே என்று விழித்திருக்காதீர்கள். ஒரு கம்பளியை மடித்து அடியில் விரியுங்கள். உடம்பின் எடை மெத்தையை அமுக்குவதால் காற்று அடுக்கு கீழேதான் முதலில் காணாமல் போகிறது. படுப்பதற்கு அரை மணி முன்பு அந்த எவர்சில்வர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, தலைகீழாகப் பிடித்து ஒழுகவில்லை என்று பார்த்து, தடித்த காலுறைக்குள் நுழைத்து, போர்வைக்குள் கால்மாட்டில் வையுங்கள். இரட்டைச் சுவர் பிளாஸ்க் இதற்கு ஆகாது, சூடு வெளியே வராது. ஒற்றைச் சுவர் பாட்டில்தான் வேண்டும். அப்பத்தாவைக் கூட்டிப் போயிருந்தால் அவருக்கு இரண்டு பாட்டில்.

அறைக்குள் கரி அடுப்போ பார்பிக்யூ அடுப்போ கொண்டுவராதீர்கள். தணல் அணைந்ததுபோலச் சாம்பல் பூத்திருக்கும்போதுதான் ஆபத்து அதிகம். காற்று போதாமல் எரியும் கரி கார்பன் மோனாக்சைடை விடும். நிறமில்லை, வாசமில்லை. தூக்கத்திலேயே ஆள் போய்விடுவார். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் இப்படித்தான் உயிர் போனது. ஜன்னலை ஒரு விரல் திறந்திருக்கிறோமே என்ற சமாதானமெல்லாம் எடுபடாது. குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் காற்றுப்போக்கி திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குளியுங்கள். புகைபோக்கியுள்ள கணப்பு அடுப்பு வேறு, அதில் விறகு எரிக்கலாம், படுக்குமுன் தணலை அவித்துவிட வேண்டும். மது குளிரைப் போக்கும் என்பதும் பொய். தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவந்து சூட்டை வெளியே விடும், சூடுபோலத் தோன்றும், உள்ளே குளிரும்.

தூங்குமுன் ஒரு ஐந்து நிமிடம் வெளியே நின்று மேலே பாருங்கள். கார்த்திகைக் கூட்டம் தலைக்கு மேல் தெளிவாகத் தெரிந்தால் நாளைக் காலை உறைபனிக்கு வாய்ப்பு உண்டு. இந்த வானத்தை நம்பித்தான் 1899இல் இங்கே சூரிய ஆய்வகம் அமைந்தது. சூரியப் புள்ளியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் கண்டதும் இங்கேதான், ஒரு ஜனவரியில், 1909இல்.

உறைபனிக் காலை

வானம் தெளிவு, காற்று அசைவில்லாமை, பள்ளமான புல்தரை. இந்த மூன்றும் சேர வேண்டும். காற்று வீசினால் மேலேயுள்ள சூடான காற்றும் கீழேயுள்ள குளிரும் கலந்துவிடும், பனி படியாது. மரத்தடியிலும் படியாது, கிளையே கூரையாகிவிடும். ஏரிக்கரை, ஜிம்கானா, கீழ்பூமி, பாம்பார்புரம் பக்கத்துத் திறந்த புல்வெளிகளில் பாருங்கள்.

ஜனவரி கடைசியில் சூரியன் ஆறே முக்கால் வாக்கில்தான் எழும். நீங்கள் ஆறு மணிக்கே அங்கே நிற்க வேண்டும். செல்போன் 4 டிகிரி காட்டுகிறது, எப்படி உறையும் என்று திரும்பிவிடாதீர்கள். அது ஆள் உயரத்துக் காற்றின் கணக்கு. புல் நுனி தன் சூட்டை நேராக வானத்துக்கு இறைத்துவிட்டு அதைவிட நான்கு, ஐந்து டிகிரி கீழே போயிருக்கும். குனிந்து, டார்ச்சைத் தரைக்குச் சாய்வாக அடியுங்கள். ஒவ்வொரு புல்லின் ஓரத்திலும் பல்வரிசைபோலப் படிகம் நிற்கும், விரல்வைத்தால் ஒரு நொடி கழித்துத்தான் ஈரமாகும். விடிந்து, வெயில் மரத்துக்கு மேலே வந்து புல்லைத் தொட்டதும் ஆவி கிளம்பும். அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் இவ்வளவு பாடும். பிறகு வெறும் தண்ணீர்.

கேமராவைச் சூடான அறையிலிருந்து எடுத்துவந்தால் பிரச்சினையில்லை. குளிரிலிருந்து காருக்குள் கொண்டுபோகும்போதுதான் லென்ஸில் நீர் பூக்கும். வெளியிலேயே பைக்குள் மூடி, அரை மணி கழித்துத் திறங்கள். கார்க் கண்ணாடியில் பனி உறைந்திருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். சாதாரணத் தண்ணீரும் பழைய ஏடிஎம் கார்டும் போதும்.

விடிகாலையில் காட்டுமாடு ரோட்டிலேயே மேயும். முப்பது மீட்டராவது தள்ளி நில்லுங்கள். தலையைத் தாழ்த்தி மூச்சு விட்டால் பின்வாங்குங்கள், தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போய்விடக் கூடாது. ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் வெயில் ஏறிய பிறகு வெளியே வருவது நல்லது. குளிர்காற்று நேராக நெஞ்சுக்குள் போகாமல் மூக்கையும் வாயையும் மப்ளரால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மேல்மலை

காலைச் சாப்பாடு முடித்து ஒன்பதுக்குக் கிளம்பினால் பூம்பாறைக்கு முக்கால் மணி நேரம். ஊருக்கு முன்பே ரோட்டோரக் காட்சிமுனையில் நில்லுங்கள். படிப்படியான வயலும் நடுவில் அடுக்கிய வீடுகளும் முழுசாகத் தெரிவது அங்கிருந்துதான். ஊருக்குள் குழந்தை வேலப்பர் கோயில். மூலவர் போகர் செய்த நவபாஷாணச் சிலை என்பது ஐதீகம்.

வாங்க வேண்டியது மலைப்பூண்டு. புவிசார் குறியீடு பெற்றது. பல்லை நசுக்கினால் காரம் கண்ணில் ஏற வேண்டும், தோல் மங்கிய நிறமாக இருக்கும். தாளோடு சேர்த்துக் கட்டிய பிடியாகவே வாங்குங்கள். வீட்டில் பிளாஸ்டிக் பையில் போட்டால் மதுரைப் புழுக்கத்தில் ஒரு மாதத்தில் பூஞ்சை பிடிக்கும். அடுப்படியில் காற்றாடத் தொங்கவிட்டால் பல மாதம் கெடாது.

அங்கிருந்து மன்னவனூர் வரை ரோடு குறுகல், அவசரம் வேண்டாம். புல்மேடும் எழும்பள்ளம் ஏரியும் ஆட்டுப் பண்ணையும் உள்ள இடம். ஏரியில் பரிசல் விடுகிறார்கள். இரவு இங்கே தங்கினால் மறுநாள் உறைபனி கொடைக்கானலைவிட நன்றாகக் கிடைக்க வாய்ப்பு. ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நமக்குக் காட்சியாக இருப்பது இங்கே உருளைக்கும் கேரட்டுக்கும் கருகல். விடியுமுன்னே தண்ணீர் தெளித்து இலையைக் காப்பாற்றப் பார்ப்பவர்கள் பக்கத்து வயலில் நிற்பார்கள். வரப்பில் ஏறி ரீல்ஸ் எடுப்பதற்கு அது நேரமல்ல.

நடக்க ஆசையுள்ளவர்கள் முதல் நாளிலேயே வட்டக்கானலிலிருந்து டால்பின்ஸ் நோஸ் பாறை வரை இறங்கிப் பார்க்கலாம். இறங்க அரை மணி, ஏற முக்கால் மணிக்கு மேல். வேர்களே படிக்கட்டு, பனி ஈரத்தில் அவை சோப்புப்போல வழுக்கும், பிடிப்புள்ள ஷூ கட்டாயம். இன்னும் கீழே உள்ள வெள்ளகெவி கிராமத்துக்குப் போவது தனி நாள் வேலை. ஊருக்குள் செருப்புப் போடும் வழக்கமில்லை, எல்லையிலேயே கழற்றிவிட வேண்டும். வனத்துறை வழிகாட்டியோடு, முன்பதிவு செய்து மட்டும் போங்கள். பிப்ரவரி பாதிக்கு மேல் காடு காய்ந்துவிடும். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ 23 பேரைக் கொண்டுபோனது இதே மாதிரிப் புல்மேட்டில்தான். அந்தக் காலத்தில் பாதை மூடியிருந்தால் வாதாட வேண்டாம்.

இறக்கம்

மூன்றாம் நாள் மன்னவனூரில் பனி பார்த்து, பத்து மணிக்குக் கிளம்புங்கள். மதியத்துக்குள் பெருமாள்மலையைத் தாண்டிவிட்டால் மூடுபனி உங்கள் பின்னால்தான். அங்கிருந்து அடுக்கம் வழியாகப் பெரியகுளத்துக்கு ஒரு குறுக்குப்பாதை உண்டு. மழைக்குப் பிறகு சரிவு விழும் ரோடு, பழக்கமில்லாதவர்கள் வத்தலக்குண்டு வழியே வருவது நல்லது.

எந்த கியரில் ஏறினீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. நியூட்ரலில் உருட்டி பெட்ரோல் மிச்சம்பிடிப்பவர்கள் பிரேக்கைத்தான் செலவழிக்கிறார்கள். விட்டுவிட்டு அழுத்துங்கள், காலை மேலேயே வைத்திருக்காதீர்கள். ரப்பர் கருகுவதுபோல நெடி வந்தாலோ பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ, அகலமான இடத்தில் ஒதுங்கி இருபது நிமிடம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் வளைந்துவிடும். நிறுத்தும்போது கியரில் போட்டு, முன்சக்கரத்தை மலைப்பக்கம் திருப்பி, சக்கரத்துக்கு அடியில் ஒரு கல். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போடுங்கள். ரோட்டில் அப்படியே விட்டுப்போன கல் இரவில் ஒரு பைக்காரரைக் கவிழ்க்கும்.

மூன்று நாள் ஒதுக்க முடியாதவர்களுக்கு: திண்டுக்கல்லிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவு ஏறும் சிறுமலை ஒரே நாளில் போய்வரக்கூடியது, காலை ஏழுக்குள் மேலே இருந்தால் நல்ல குளிர் உண்டு, உறைபனி கிடையாது. அமைதி மட்டும் போதும் என்றால் சின்னமனூர் வழியாக மேகமலை. புலிகள் காப்பகம் என்பதால் இருட்டிய பிறகு பாதையில் விடமாட்டார்கள், பொழுதோடு ஏறி பொழுதோடு இறங்க வேண்டும்.

காட்ரோட்டுக்கு வந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும். பாதி வழியிலேயே ஓர் அடுக்கைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், இல்லையென்றால் வியர்த்த உடம்போடு வத்தலக்குண்டில் ஏசியைப் போட்டு, மறுநாள் மதுரையில் சளியோடு உட்கார வேண்டியிருக்கும். ஈரக் கம்பளித் துணிகளை வீட்டில் நிழலில் இரண்டு நாள் காயவைத்து, வேப்பிலையோடு மடித்து வையுங்கள். அடுத்த தை வரை அவற்றுக்கு வேலையில்லை.